‘டெட்’ தேறாத ஆசிரியரை வேலையிலிருந்து எடுக்க முடியுமா? – ஒரு தாயின் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 47 பிள்ளைகள். தலைமை ஆசிரியர் ஒருவர், இடைநிலை ஆசிரியர் ஒருவர். இவருடைய மகள் இந்த 2025–26இல் ஐந்தாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் நின்றுவிடுகிறாள். இடைநிலை ஆசிரியருக்கு வயது 56. பல நாள் பத்து மணிக்கு மேல்தான் வருகிறார், மத்தியானத்தில் மேசையில் தலையைச் சாய்த்துவிடுகிறார். தலைமை ஆசிரியரோ ‘மீட்டிங்’, ‘ஓட்டர் லிஸ்ட் வேலை’ என்று வாரத்தில் பாதி நாள் பள்ளியில் இருப்பதில்லை. 2024இல் இந்தத் தாய் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் ஆனார். ஆனால் கூட்டம் என்று ஒன்று நடப்பதில்லை. ஒரு பையனிடம் தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்புவார். சில தடவை வெற்றுப் பக்கத்திலும் போட்டிருக்கிறார்.

“டெட் பாஸ் பண்ணாத டீச்சரை எல்லாம் எடுத்துடணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாமே, அதைக் காட்டி இவரை மாத்த முடியாதா? அவர் தூங்குறதை போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கேன், குரூப்புல போடலாமா? ஊர்ல சிலர் பள்ளிக்கூடத்தைப் பூட்டிடலாம்னு சொல்றாங்க. இன்னும் சிலர், பிரச்சினை பண்ணினா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க, பேசாம பிரைவேட்ல சேர்த்துடுன்னு சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளை வாசிக்கத் திணறுவதைத் தினமும் வீட்டில் பார்ப்பது பெரிய வேதனை. உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் தட்ட நினைக்கும் கதவு வேறு, உங்களுக்குத் திறக்கக்கூடிய கதவு வேறு. முதலில் அந்தத் தீர்ப்பைப் பார்ப்போம்.

டெட் தீர்ப்பு உங்களுக்கு உதவாது

ஆசிரியர் தகுதித் தேர்வு என்னும் ‘டெட்’ 2010 ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கையால் கட்டாயமானது. அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கு அந்த அறிவிக்கை விலக்கு அளித்திருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு வழங்கிய தீர்ப்புதான் அந்த நிலையை மாற்றியது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எப்போது சேர்ந்தவர்களாக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். தவறினால் ஓய்வுக்காலப் பலன்களோடு பணியைவிட்டுப் போக வேண்டியிருக்கும். ஐந்தாண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமலே ஓய்வு வரை பணியில் இருக்கலாம். பதவி உயர்வு மட்டும் கிடைக்காது.

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. உங்கள் ஆசிரியருக்கு 56. தீர்ப்பு வந்த நாளிலேயே அவருக்கு ஐந்தாண்டுக்கும் குறைவான பணிக்காலம்தான் இருந்தது. ஆக, தீர்ப்பே அவரைப் பணியில் தொடரச் சொல்கிறது. ‘டெட் இல்லை’ என்று நீங்கள் மனுக் கொடுத்தால் கல்வி அலுவலகம் ஒரே வரியில் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான குறைகளுக்கும் அங்கே காது இருக்காது. (ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்களுக்கும் 2027 வரை அவகாசம் இருக்கிறது, தமிழக அரசு சீராய்வு மனுவும் போட்டிருக்கிறது. தீர்ப்பு வந்த மறுநாளே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பரவிய பேச்சு தவறு.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெட் என்பது ஒருவர் ஆசிரியர் பணிக்குள் நுழையத் தகுதியானவரா என்று பார்க்கும் 150 மதிப்பெண் தேர்வு. காலையில் நேரத்துக்கு வருகிறாரா, உங்கள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்கிறாரா என்பதை அந்தத் தேர்வு சொல்லாது. நல்ல மதிப்பெண்ணில் தேறி வந்து அக்கறையில்லாமல் இருப்பவர்களையும், டெட் எழுதாமலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்களையும் என் தொழிலில் சந்தித்திருக்கிறேன். உங்கள் குறை அவருடைய சான்றிதழைப் பற்றியது இல்லை, வேலையைப் பற்றியது. மனுவும் அதைப் பற்றியே இருக்கட்டும்.

உங்களுக்குத் தேவை 24ஆம் பிரிவு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைத் தெளிவாகச் சொல்கிறது. பள்ளிக்குத் தவறாமல், நேரத்துக்கு வர வேண்டும். பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோரை முறையாகக் கூட்டி, வருகையையும் படிப்பு முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். தவறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

‘ஒவ்வொரு பிள்ளையின்’ என்று சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். வகுப்பின் சராசரியைக் காட்டி யாரும் தப்ப முடியாது. உங்கள் மகளுடைய வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது, அதற்காக என்ன கூடுதல் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும் இதற்காகத்தான். மகள் எந்த நிலையில் பதிவாகியிருக்கிறாள் என்று கேளுங்கள். பதிவில் மேல்நிலையான ‘மலர்’ என்று இருந்து, வீட்டில் அவள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால், அந்த முரண்பாடுதான் உங்கள் மனுவின் முதல் வரி.

இங்கே ஒரு விஷயத்தில் ஆசிரியர் பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2021இல். கொரோனாவால் மூடிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு அந்த ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்து பழக வேண்டிய ஆண்டில் பாதி போய்விட்டது. எண்ணும் எழுத்தும் வந்ததே அவள் இரண்டாம் வகுப்புக்குப் போன 2022 ஜூனில்தான். இந்தப் பின்னடைவு முழுவதையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் விசாரணையில் நிற்காது. அந்த இடைவெளி தெரிந்த பிறகும் நான்கு ஆண்டுகளாக அதை நிரப்ப என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு பேர், ஐந்து வகுப்பு

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. 47 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்பது காகிதத்தில் சரி. ஆனால் வகுப்பு ஐந்தாயிற்றே? தலைமை ஆசிரியர் வெளியே போன நாளில் ஒரே ஆள் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டி, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். இதை நான் சட்டத்தின் குறையாகவே பார்க்கிறேன். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளியில் தரத்தைப் பற்றி எத்தனை கொள்கை அறிவித்தாலும் அது பிள்ளையின் பலகைக்கு வந்து சேர்வதில்லை.

அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 சதவீதம்; ஆனால் காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான். மற்றவர்கள் விடுப்பில், பயிற்சியில், அரசு அனுப்பிய வேலையில் இருந்தார்கள். உங்கள் ஊரிலும் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். தலைமை ஆசிரியர் ஊர் சுற்றப் போகவில்லை. அரசு அனுப்பிப் போயிருக்கிறார்.

ஆனால் அரசு நினைத்தபடியெல்லாம் அனுப்பிவிடவும் முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தொடர்பான பணி ஆகியவை தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது. வாக்காளர் பட்டியல் வேலையையும் ஆசிரியர்களுக்கு விடுமுறை நாளிலும் கற்பித்தல் இல்லாத நாளிலும்தான் கொடுக்க வேண்டும், பாட நேரத்தில் பொதுவாகக் கொடுக்கக்கூடாது என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் நீங்கள் தலைமை ஆசிரியர் மேல் புகார் சொல்லத் தேவையில்லை. அவர் வெளியே போகும் நாளில் மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரை அனுப்புங்கள் என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். இந்தக் கோரிக்கையில் தலைமை ஆசிரியரே உங்கள் பக்கம் நிற்பார்.

இடைநிலை ஆசிரியர் விஷயத்திலும், எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். பேருந்து பத்து மணிக்குத்தான் வருகிறதா, சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறாரா, எதுவும் நமக்குத் தெரியாது. காரணம் எதுவானாலும் பாடம் கெடுவதை ஏற்க முடியாது. ஆனால் காரணத்தைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

அந்த வெற்றுப் பக்கங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது, நீங்கள் போகிறபோக்கில் சொல்லிச் சென்ற இந்த விஷயம்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதே உங்களைப் போன்றவர்கள் அங்கே பேச வேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேல் ‘பிள்ளைகளின் கற்றல் அடைவு திருப்திகரமாக உள்ளது’ என்று எழுதப்பட்டிருந்தால், அதுவே உங்கள் புகாருக்கு எதிரான முதல் ஆவணம். சுண்ணாம்பு அடித்த செலவும் மின்விசிறி வாங்கிய செலவும் அங்கே ஏறியிருந்தால், அதற்கு ஒப்புதல் தந்தவரும் நீங்கள்தான். தலைமை ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. மேலிடம் கேட்கும் அறிக்கையை நேரத்துக்கு அனுப்பப் பல பள்ளிகளில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் இனி ஒரு கையெழுத்துக்கூட இப்படிப் போடாதீர்கள்.

கூட்டத்தை நீங்களே கூட்டச் சொல்லுங்கள். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாக வாசியுங்கள். எழுதாமல் கிடக்கும் பக்கங்களைக் குறுக்குக் கோடு போட்டு ரத்து செய்து, நீங்களும் தலைமை ஆசிரியரும் அதன்மேல் தேதியோடு கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதில் நடக்காத கூட்டம் இருந்தால், ‘இக்கூட்டம் நடைபெறவில்லை’ என்று இன்றைய தேதியில் ஒரு பதிவு எழுதச் சொல்லுங்கள். பிறகு இப்படி ஒரு தீர்மானம் போடுங்கள்:

“பள்ளியின் 4, 5ஆம் வகுப்பு மாணவர்களின் வாசிப்பு மற்றும் கணக்குத் திறன் நிலை குழுவின் முன் வைக்கப்பட்டது. பின்தங்கியுள்ள மாணவர்களுக்குத் தினமும் கூடுதல் பயிற்சி அளிக்கவும், அதன் முன்னேற்றத்தை மாதந்தோறும் குழுவில் தெரிவிக்கவும், தலைமை ஆசிரியர் பிற பணிக்குச் செல்லும் நாட்களில் மாற்றுப்பணி ஆசிரியர் ஒருவரை அனுப்பிவைக்குமாறு வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்ளவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.”

கையெழுத்தான பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் ஏற்றப்பட்டதா என்று பாருங்கள்.

குழுவால் ஆசிரியரைத் தற்காலிக நீக்கம் செய்யவோ இடம் மாற்றவோ முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022இல் 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டது. அதனால் ‘கமிட்டிக்கு டீச்சரைப் போடவும் எடுக்கவும் பவர் இருக்கு’ என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. அது அந்தக் காலியிடங்களுக்கு மட்டும் தந்த பொறுப்பு. நிரந்தர ஆசிரியர் மேல் நடவடிக்கை என்றால் அது துறை அலுவலர் கையில்தான். குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் 17(அ), 17(ஆ) என்று இரு வழிகள் உண்டு. சிறிய தவறுக்கு முன்னது. பெரியதற்குப் பின்னது, அதில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை எல்லாம் உண்டு. தாமத வருகை எழுத்தில் பதிவாகி, விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தாலே பெரும்பாலும் நிலைமை மாறும்.

வீடியோவும் பூட்டும் வேண்டாம்

வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அதில் மற்ற பிள்ளைகளின் முகமும் இருக்கும். ஆசிரியர் அவதூறு வழக்குப் போட்டால் (பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு) நீங்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும். அதற்குள் மகள் அந்தப் பள்ளியை விட்டே போயிருப்பாள். வீடியோவை அழிக்க வேண்டாம், பத்திரமாக வையுங்கள். துறை விசாரணையில் கேட்டால் அலுவலரிடம் மட்டும் காட்டுங்கள். பள்ளிக்குப் பூட்டுப் போடுவது அதைவிட மோசம். அரசு ஊழியர் பணியைத் தடுத்த வழக்கு உங்கள் மேல் வரும், பாட நாளும் போகும்.

இதற்குப் பதிலாக, கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் எழுத்துப்பூர்வப் புகார் கொடுக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதி, ஊராட்சி ஒன்றிய வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவின்கீழ் இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. மனுவில் ‘சரியாக வருவதில்லை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தார், அன்று எந்த வகுப்புக்குப் பாடம் நடக்கவில்லை என்று எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் ஆசிரியருக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள், ஏன் விடுப்பு எடுத்தார் என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். பள்ளியைப் பற்றிக் கேளுங்கள்: ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, 2025 ஜூனிலிருந்து தலைமை ஆசிரியர் எத்தனை வேலை நாட்கள் பிற பணிக்கு அனுப்பப்பட்டார், அதற்கான ஆணை நகல், கல்வி அலுவலர் பள்ளியை ஆய்வு செய்த தேதிகள், ஆய்வுக் குறிப்பு, மானிய வரவு செலவு. கடைசி இரண்டு ஆண்டில் ஆய்வே நடக்கவில்லை என்று பதில் வந்தால், கேள்வி ஆசிரியரைத் தாண்டி அலுவலகத்துக்கே போகும்.

தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

அது உங்கள் உரிமை, நான் தடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். 25 சதவீத இலவச ஒதுக்கீடு நுழைவு வகுப்பில், அதாவது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் மட்டும்தான். ஐந்திலோ ஆறிலோ சேர்த்தால் முழுக் கட்டணம். அடுத்து, மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதைப் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பின் வாசலில்தான் நிற்கிறீர்கள். நகையை அடகு வைப்பதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்தால், அடிப்படையில் பின்தங்கியவர்களுக்கு 6 முதல் 9 வரை நடக்கும் ‘திறன்’ பயிற்சியில் மகளைச் சேர்க்கச் சொல்லி முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

‘புகார் கொடுத்தால் பள்ளியை மூடிவிடுவார்கள்’ என்பது பயமுறுத்தல். தொடக்கப் பள்ளி பிள்ளைகளின் குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதி. புகார் மனுவால் எந்தப் பள்ளியும் மூடப்படுவதில்லை. சேர்க்கை குறைந்துகொண்டே போனால்தான் அந்தப் பேச்சு வரும். புகார் கொடுத்ததற்காக மகளை யாராவது வகுப்பில் குத்திப் பேசினால், ஒதுக்கிவைத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மனரீதியான துன்புறுத்தலுக்கும் தடை இருக்கிறது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். இந்தக் காரணத்துக்காகவும், உங்கள் ஒருவர் பெயரில் இல்லாமல் குழுத் தீர்மானமாகவே எல்லாம் போவது நல்லது.

மூன்று மாதம் கழித்தும் பதில் இல்லை என்றால், தீர்மான நகல், ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைப் பதில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடும் அளவுக்கு இது போகுமா என்பதை அந்தக் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போகாது என்றுதான் நினைக்கிறேன். முதலில் அந்த நோட்டை வாங்கி வாசியுங்கள்.